பார்பரா ஸ்கார்காவைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவருக்கு

"போலந்து நாட்டு மெய்யியலாளர், இரண்டாம் உலகப் போரில் தலைமறைவு இயக்கத்தின் கூரியராக மாறியவர்." பார்பரா ஸ்கார்காவைப் பற்றி எழுத நினைக்கிற யாரும் பெரும்பாலும் இப்படி ஒரு வரியில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், மூன்று தடவை அழித்துவிட்டு நான்காவது தடவைதான் விஷயம் புரிந்தது. அந்த வரியில் "கூரியர்" தவறு, "மாறியவர்" தவறு, "போரில்" என்பது பாதி உண்மை. "மெய்யியலாளர்" என்பதுகூட அந்த இடத்தில் சரியில்லை, ஏனென்றால் அப்போது அவர் மாணவி. இந்த நான்கையும் ஒவ்வொன்றாகச் சரி செய்தாலே கட்டுரை பாதி முடிந்த மாதிரி. எப்படிச் செய்வது என்று, நான் இடறிய இடங்களோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் தேடும் வேலை. போலிஷ் மொழியில் "ஸ்கார்கா" என்றால் புகார், முறையீடு என்று பொருள். மொழிபெயர்ப்புக் கருவியில் ஒரு போலிஷ் பக்கத்தைப் போட்டால் "பார்பரா புகார் 1919இல் பிறந்தார்" என்று வந்து நிற்கும், சிரித்துவிட்டு மூலப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் "ஸ்கார்கா" என்று தேடினால் இவருக்கு முன்னால் பியோத்தர் ஸ்கார்கா வந்து நிற்பார். அவர் 1612இல் இறந்த இயேசு சபைப் போதகர், போலந்தில் தெருவுக்குத் தெரு பெயர் உள்ளவர், அவரைப் பற்றிய செய்தி இவர் கட்டுரைக்குள் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அக்கா. ஹன்னா ஸ்கார்ஜான்கா என்று ஒரு நாடக, திரைப்பட நடிகையின் பெயர் கண்ணில் படும், யாரோ வேறு குடும்பம் என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. பழைய போலிஷ் வழக்கத்தில் திருமணமாகாத மகளின் குடும்பப் பெயர் தனி வடிவம் எடுக்கும், ஸ்கார்கா வீட்டுப் பெண் ஸ்கார்ஜான்கா. உடன்பிறந்தவர்கள்தான், பெயர்தான் இரண்டு வடிவத்தில் நிற்கிறது.

பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே வாசிக்காதீர்கள். குறுக்குக்கோடு போட்ட எல் எழுத்தை நாம் "ல" என்று எழுதிப் பழகிவிட்டோம், அது உண்மையில் "வ"வுக்குப் பக்கத்து ஒலி. தமிழ்ப் பத்திரிகைகளில் "லாட்ஸ்" என்று வருகிற நகரத்தை அந்த ஊர்க்காரர் ஏறக்குறைய "வூச்" என்றுதான் சொல்கிறார். ஊர் பெயர் இவ்வளவு மாறுமென்றால் ஆள் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்கார்காவின் ஆசிரியர்கள் இருவரின் பெயர்கள் கட்டுரையில் வந்தே ஆக வேண்டும்: தடேயூஷ் செஜோவ்ஸ்கி, ஹென்றிக் எல்சென்பெர்க். ஒலிப்புக் கோப்பு கிடைத்தால் கேட்டுவிட்டு எழுதுங்கள், ஒரே கட்டுரையில் ஒரே பெயர் இரண்டு விதமாக வராமல் பார்த்தால் போதும்.

ஊரைச் சொல்வது

அவர் பிறந்தது வார்சாவில், 1919 அக்டோபர் 25 அன்று. படித்தது, இயக்கத்தில் இருந்தது, கைதானது எல்லாம் வில்னோவில். வில்னோ எங்கே இருக்கிறது என்று தேடினால் வரைபடத்தில் கிடைக்காது, ஏனென்றால் இன்று அது வில்னியஸ், லிதுவேனியாவின் தலைநகரம். "போலந்திலுள்ள வில்னோ" என்றும் எழுத முடியாது, "லிதுவேனியாவிலுள்ள வில்னியஸில் படித்தார்" என்று எழுதினால் 1938இல் அது எப்படி லிதுவேனியா என்று கேட்பார்கள். நான் செய்தது இது: முதல் தடவை "அன்று போலந்தில் இருந்த வில்னோ, இன்றைய வில்னியஸ்" என்று முழுதாகச் சொல்லிவிட்டு, போர் முடியும்வரை வில்னோ என்றே வைத்துக்கொண்டேன்.

இந்த ஊரின் ஐந்து வருடக் கதையைக் கட்டுரையில் ஒரு பத்தியாவது சொல்லாவிட்டால் அவர் வாழ்க்கை புரியாது. 1939 செப்டம்பர் 19 அன்று சோவியத் படை உள்ளே வந்தது. அக்டோபர் கடைசியில் நகரம் லிதுவேனியாவின் கைக்குப் போனது. டிசம்பரில் ஸ்தெஃபான் பாத்தொரி பல்கலைக்கழகம், அதாவது இவர் மெய்யியல் படித்த இடம், மூடப்பட்டது. 1940 ஜூனில் மறுபடி சோவியத். 1941 ஜூன் 24 அன்று ஜெர்மானியர். 1944 ஜூலையில் மறுபடியும் சோவியத். ஐந்து வருடத்துக்குள் ஐந்து தடவை ஆள்வோர் மாறினார்கள், ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டை மாறியது, பணம் மாறியது, தெருப் பெயர் மாறியது, யாரைக் கண்டு ஓட வேண்டும் என்பதும் மாறியது. "நாஜிகளை எதிர்த்துப் போராடினார்" என்று ஒரே எதிரியை வைத்து எழுதுகிற வழக்கமான வார்ப்பு இந்த ஊருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இன்னொன்று, இதைச் செய்யாத கட்டுரைகளைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. 1931 கணக்கெடுப்பில் வில்னோவில் ஏறக்குறைய 1,95,000 பேர், பெரும்பான்மை போலிஷ்காரர்கள், நான்கில் ஒருவருக்கும் மேல் யூதர்கள். நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள பொனாரி காட்டில் 1941 முதல் 1944 வரை ஒரு லட்சம் பேர் அளவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் பெரும்பாலோர் யூதர்கள். 1943 செப்டம்பரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவே இல்லாமல் ஆக்கப்பட்டது. ஸ்கார்கா செய்திகளோடு நடந்த தெருக்களும் இதே தெருக்கள்தான். போலிஷ் இயக்கத்தின் வீரக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டால், ஊரையே பொய்யாகச் சொன்னதாகிவிடும். லிதுவேனியர்களுக்கு இது அவர்களுடைய பழைய தலைநகரம் என்பதையும், அந்தப் பகுதியில் போலிஷ் தலைமறைவுப் படை நடந்துகொண்ட விதம் பற்றி அவர்கள் வேறு விதமாகப் பேசுவார்கள் என்பதையும் ஒரு வாக்கியத்திலாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

"கூரியர்" என்ற சொல்லை என்ன செய்வது

இங்கேதான் நிறைய நேரம் போனது. தமிழில் கூரியர் என்றால் பைக்கில் வந்து, "மேடம், ஓடிபி சொல்லுங்க" என்று கேட்கிற தம்பிதான் கண்ணில் வருவார். தூதர் என்று போட்டால் கொடி கட்டிய காரில் போகிறவர் ஆகிவிடுவார். ஒற்றர், உளவாளி இரண்டும் தப்பு, அவர் எதிரியின் ரகசியத்தைத் திருடப் போகவில்லை. "தூது" என்பது அழகான சொல்தான், ஆனால் நம் மனத்தில் அது கிளியும் மேகமும் காதலரிடம் போவதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போலிஷிலேயே இதற்கு இரண்டு சொல் இருக்கிறது, வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். "குரியர்" என்பவர் எல்லை தாண்டிப் போகிறவர், வார்சாவிலிருந்து லண்டனில் இருந்த நாடு கடந்த அரசாங்கத்துக்குச் செய்தி கொண்டுபோனவர். யான் கார்ஸ்கி அந்த வகை, யூதர்கள் கொல்லப்படுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு மேற்கு நாடுகளின் தலைவர்களிடம் போய்ச் சொன்னவர். எல்ஜ்பியெத்தா சவாட்ஸ்கா அந்த வகை, கணிதம் படித்தவர், லண்டன்வரை போய் 1943 செப்டம்பரில் பாராசூட்டில் போலந்துக்குள் திரும்பக் குதித்தவர், அப்படிக் குதித்த சிறப்புப் பிரிவில் இருந்த ஒரே பெண். இன்னொரு சொல் "வோன்ச்னிச்கா". சேர்ப்பது, இணைப்பது என்ற வினையிலிருந்து வந்த பெண்பால் சொல். ஊருக்குள், ஊருக்கும் காட்டுக்கும் இடையில், ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடையில் தொடர்பு அறுந்துவிடாமல் வைத்திருந்தவர்கள் இவர்கள். ஸ்கார்கா இந்த இரண்டாவது வகை, போலந்தின் தலைமறைவுப் படையான உள்நாட்டுப் படையின் தொடர்பாளர்.

அதனால் நான் "தொடர்பாளர்" என்று வைத்தேன். பத்திரிகைக்காரர்களுக்குப் பேட்டி கொடுக்கிற செய்தித் தொடர்பாளர் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் சொன்னார், நியாயம்தான், முதல் தடவை மட்டும் "தலைமறைவு இயக்கத்தின் பிரிவுகளுக்கு இடையே செய்திகளையும் பொருட்களையும் கொண்டுசென்ற தொடர்பாளர்" என்று விரித்துவிட்டேன். படையின் பெயரையும் அப்படியே விரியுங்கள். ஆர்மியா கிரயோவா, சுருக்கி ஏகே. தமிழில் வெறுமனே ஏகே என்று எழுதினால் வாசகருக்குத் துப்பாக்கியோ ஒரு நடிகரோதான் ஞாபகம் வரும். உள்நாட்டுப் படை என்று எழுதுங்கள். 1942 பிப்ரவரியில் இந்தப் பெயர் வந்தது, அதற்கு முன்பு அதே அமைப்பு வேறு பெயரில் இருந்தது, எனவே "1940இல் உள்நாட்டுப் படையில் சேர்ந்தார்" என்று எங்காவது பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

தொடர்பாளர் என்ன செய்தார் என்று விளக்க ஒரு நல்ல பத்தி வேண்டும். அந்த இயக்கத்துக்காரர்களின் சொற்களே படம் காட்டிவிடும். தலைமறைவில் அச்சிட்ட தாள்களுக்கு "பிபுவா" என்று பெயர், மெல்லிய காகிதம் என்பதிலிருந்து வந்தது. சிறையிலிருந்து ரகசியமாக வெளியே வரும் துண்டுச் சீட்டு "கிரிப்ஸ்". செய்தியை விட்டுவிட்டுப் போகும், இன்னொருவர் வந்து எடுத்துக்கொள்ளும் முகவரி "பெட்டி". அது ஒரு தையல் கடையாக இருக்கலாம், ஒரு பல் மருத்துவர் வீடாக இருக்கலாம். எல்லோரும் பயந்த சொல் "கொச்சியோவ்", அதாவது கொப்பரை. ஒரு வீட்டைப் போலீஸ் பிடித்துவிட்டால் சத்தம் போடாமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்வார்கள், கதவைத் தட்டுகிற ஒவ்வொருவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள், பால்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி, தொடர்பாளர், யார் வந்தாலும் கொப்பரைக்குள்தான். அதனால்தான் ஜன்னலில் பூத்தொட்டி இடம் மாறியிருக்கிறதா, திரை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படியேறுவார்கள். இந்த வேலையில் பெண்கள் அதிகம் இருந்ததற்கு வீரத்தை விட எளிய காரணம் ஒன்று உண்டு: வேலை வயதிலுள்ள ஆணைத் தெருவில் பார்த்தால் ஜெர்மானியர் நிறுத்திக் காகிதம் கேட்பார்கள், கட்டாய வேலைக்குப் பிடித்துப் போவார்கள், கையில் காய்கறிப் பையோடு போகிற பெண் ஓரளவு தப்பிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, இதில் நானே மாட்டிக்கொண்டேன். இதெல்லாம் பொது நடைமுறை. பூத்தொட்டியைப் பார்த்துவிட்டு ஸ்கார்கா படியேறினார் என்று எழுதினால் அது புனைவு. "தொடர்பாளர்கள் இப்படிச் செய்தார்கள்" என்ற வாக்கியத்தை "அவர் இப்படிச் செய்தார்" என்று மாற்றுகிற ஆசை எழுதும்போது தானாக வரும், கை அங்கே போகும், தடுத்துவிடுங்கள். அதே மாதிரிதான் "அழகிய இளம்பெண்", "புன்னகைத்தபடியே சோதனைச் சாவடியைக் கடந்தாள்" வகைகள். அவள் இவள் என்று எழுதவே வேண்டாம், இருபது வயது மாணவியாக இருக்கும்போதும் "அவர்"தான்.

"மாறியவர்" என்பது ஏன் தப்பு

போர் தொடங்கியபோது அவருக்கு இன்னும் இருபது முடியவில்லை. புத்தகம் எழுதிக்கொண்டிருந்த மெய்யியலாளர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போராட்டத்துக்குப் போன கதை இல்லை இது. மூடப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் வீடுகளில் ரகசியமாகப் பாடம் நடத்தினார்கள், ஆக்கிரமிப்பில் இருந்த போலந்து முழுவதிலும் நடந்த பெரிய காரியம் இது, பிடிபட்டால் சிறை, முகாம், சில சமயம் அதைவிட மோசம். பாடம் கேட்பதே தலைமறைவு வேலைதான் என்னும்போது படிப்பிலிருந்து போராட்டத்துக்கு "மாறுவது" எங்கே? செஜோவ்ஸ்கி தர்க்கவியலாளர், லுவூஃப்-வார்சா மெய்யியல் மரபைச் சேர்ந்தவர், போர்க்காலத்தில் யூதர்களுக்கு உதவியதற்காகப் பின்னாளில் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. எல்சென்பெர்க் மதிப்புகளைப் பற்றிச் சிந்தித்தவர். ஒரு போராட்டத்தின் மதிப்பு அது ஜெயிக்குமா தோற்குமா என்பதில் இல்லை, எதற்காக நடக்கிறது என்பதில் இருக்கிறது என்ற கருத்து அவருடையது. இதை ஸ்கார்காவின் கட்டுரையில் சேர்க்கலாம், ஆனால் "இந்தப் போதனையால் உந்தப்பட்டு இயக்கத்தில் சேர்ந்தார்" என்று முடிச்சுப் போடாதீர்கள், அந்த ஊரில் அந்த வயதில் இயக்கத்தில் சேர மெய்யியல் ஆசிரியர் தேவைப்படவில்லை.

முனைவர் பட்டம், ஆய்வு, நூல்கள் எல்லாம் முகாமிலிருந்து திரும்பிய பிறகு. ஆக வரிசை தலைகீழ்: தொடர்பாளராக இருந்த மாணவி, கைதி, பிறகு மெய்யியலாளர். உங்கள் முதல் வரியை இந்த வரிசையில் எழுதிப் பாருங்கள், கட்டுரையின் எடை எங்கே விழ வேண்டும் என்று தானாகத் தெரியும்.

எடை விழுகிற இடம்: 1944க்குப் பிறகு

1944 ஜூலை 7 அன்று உள்நாட்டுப் படை ஜெர்மானியரிடமிருந்து வில்னோவைப் பிடிக்கத் தாக்குதல் தொடங்கியது, சோவியத் படையும் வந்து சேர்ந்தது, ஜூலை 13 வாக்கில் நகரம் விழுந்தது. சேர்ந்து சண்டை போட்டவர்கள். நான்கே நாளில், ஜூலை 17 அன்று, உள்நாட்டுப் படையின் அந்தப் பகுதித் தலைவர் கிஜிஜனோவ்ஸ்கியைப் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுக் கைது செய்தார்கள். ஆயிரக்கணக்கான வீரர்களின் ஆயுதத்தைப் பிடுங்கி ஊருக்குப் பக்கத்திலுள்ள மியெத்னிகியில் அடைத்தார்கள், பலரை ரஷ்யாவுக்குள் அனுப்பினார்கள். ஸ்கார்கா அந்த செப்டம்பரில் கைதானார், வயது 24. ஜெர்மானிய ஆட்சி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆக அவரைப் பிடித்தது ஜெர்மானியர் அல்ல, சோவியத்காரர்கள். இதை முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் "போரில் தலைமறைவு இயக்கம், கைது, முகாம்" என்று வரிசையாகப் பார்த்ததும் வாசகர் நாஜி முகாம் என்றே எடுத்துக்கொள்வார்.

பத்து வருடக் கட்டாய உழைப்பு முகாம் தண்டனை. ரஷ்யாவின் வடக்கே கோமி பகுதியின் உஹ்தா, பிறகு கசக்ஸ்தான். தண்டனைக் காலம் முடிந்ததும் வீட்டுக்கு விடவில்லை, ஒரு கூட்டுப்பண்ணையில் நாடுகடத்தலாகக் குடியிருக்க அனுப்பினார்கள். ஸ்டாலின் இறந்து இரண்டு வருடம் கழிந்து, 1955இல்தான் போலந்து திரும்பினார். தலைமறைவு வேலையில் இருந்த வருடங்களை விட முகாமிலும் நாடுகடத்தலிலும் இருந்த வருடங்கள் இரண்டு மடங்குக்கு மேல். கட்டுரையில் இடம் ஒதுக்கும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள். சாகசம் பத்து பத்தி, முகாம் ஒரு வரி என்று எழுதுவது நம் ரசனையைக் காட்டுமே தவிர அவர் வாழ்க்கையைக் காட்டாது.

திரும்பினார் என்று எழுதும்போது இன்னொரு சிக்கல். எந்த ஊருக்கு? வில்னோ இப்போது சோவியத் லிதுவேனியாவில், போலந்தின் எல்லையே மேற்கே நகர்ந்துவிட்டது. அவருடைய ஆசிரியர்கள் இருவரும் தொருன் நகரத்தில், போருக்குப் பின் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அவர் வார்சாவுக்கு வந்தார். "ஊர் திரும்பினார்" என்று எழுதாதீர்கள், "நாடு திரும்பினார்" என்பதும் இரண்டு முறை யோசித்து எழுத வேண்டிய சொல்.

சொற்கள் சில இங்கே பிரச்சினை பண்ணும். குலாக் என்று தமிழில் எழுதினால் சோவியத் முகாம் நிர்வாகமா, வசதியான விவசாயி என்று முத்திரை குத்தப்பட்டவரா என்று தெரியாது, நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான், இரண்டு சொல்லும் ஒரே மாதிரி வந்து நிற்கும். அதே முகாமில் அந்த விவசாயிகளும் இருந்தார்கள் என்பதால் ஒரே பத்தியில் இரண்டும் வந்து சேர நல்ல வாய்ப்பு. நான் குலாக்கை விட்டுவிட்டு கட்டாய உழைப்பு முகாம் என்றே எழுதினேன். வெறும் "முகாம்" என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குக் கண் சிகிச்சை முகாம்வரை ஓடும். ஈழத்து வாசகருக்கோ முகாம், இயக்கம், காட்டிக்கொடுப்பு, விடுதலை எல்லாம் அகராதியிலிருந்து எடுத்த சொற்கள் அல்ல, வீட்டில் புழங்கிய சொற்கள். இரண்டு பேரும் படிப்பார்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டு எழுதினால் அலங்காரம் தானாகக் குறையும்.

"விடுதலை" என்ற சொல்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த சிக்கல். அவருடைய முகாம் நினைவுகளின் தலைப்பு "போ விஸ்வொலெனியூ", கூடவே 1944–1956 என்ற ஆண்டுகள். அதாவது "விடுதலைக்குப் பின்". சோவியத் படை வந்ததைப் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு "விடுதலை" என்றே பாடப் புத்தகத்தில் எழுதியது, அந்த விடுதலைக்குப் பிறகு எனக்கு நடந்தது இது என்று அவர் சொல்கிறார், அதுதான் குத்தல். போலிஷில் நாடு விடுபடுவதற்கு ஒரு சொல், சிறையிலிருந்து ஆளை விடுவதற்கு இன்னொரு சொல். தமிழில் இரண்டுக்கும் விடுதலைதான். அதனால் தலைப்பைத் தமிழில் தந்துவிட்டு ஒன்றும் விளக்காமல் போனால், சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு நடந்த கதை என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வார்கள். ஒரு வரி விளக்குங்கள், விளக்கிய பிறகு தமிழ்த் தலைப்பில் குத்தல் மூலத்தை விடக் கூடுதலாகவே ஏறும். தலைப்பிலுள்ள 1956ஐப் பார்த்து அவர் 1956இல் திரும்பினார் என்று எழுதிவிட வேண்டாம், இது நான் செய்த தப்பு, இன்னொருவர் பிடித்துக் கொடுத்தார்.

அந்த நூல் 1985இல் பாரிஸில் வெளிவந்தது, நாடு கடந்த போலிஷ்காரர்களின் பதிப்பகத்தில், விக்டோரியா கிராஷ்னியெவ்ஸ்கா என்ற புனைபெயரில். கைதாகி 41 வருடம் ஆகியும் சொந்தப் பெயரில், சொந்த நாட்டில் இதைப் போட முடியவில்லை, கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகுதான் முடிந்தது. போலிஷ் படிக்கத் தெரியாதவருக்கு 2000இல் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு உண்டு, தமிழ் வாசகர்களில் புதுச்சேரிக்காரர்களுக்கும் பாரிஸ் தமிழர்களுக்கும் அது உதவும். நூலில் விசாரணை, ரயில் பயணம், மருத்துவமனைக் குடில், முகாமுக்குள் நடக்கும் காதல் எல்லாம் வருகிறது, புனிதர் வரலாறு மாதிரி இருக்காது. கைதிகளில் கெட்டவர்களைக் கெட்டவர்கள் என்றே எழுதுகிறார். நீங்கள் சுருக்கும்போது அந்தக் கறாரை இனிப்பாக்கிவிடாதீர்கள்.

மெய்யியல் பகுதி

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தட்டிக் கழிப்பார்கள், கடைசியில் "பல நூல்கள் எழுதினார்" என்று ஒரு வரியோடு சரி. குறைந்தது மூன்று விஷயம் சொல்லலாம். முதல் பெரிய நூல் 1964இல், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்தில் நேர்க்காட்சிவாதம் (பாசிட்டிவிசம்) எப்படிப் பிறந்தது என்பது பற்றி. அறிவியல் ஒன்றே அறிவு என்று நம்பிய கோம்த்தில் தொடங்கி, அதை மறுத்துக் காலத்தின் ஓட்டத்தைப் பேசிய பெர்க்சன்வரை பிரெஞ்சுச் சிந்தனையை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரு காலத்தவர் எல்லோரும் எதைக் கேள்வியாகவே நினைக்க முடியும், எதை நினைக்கவே முடியாது என்பதைத் தீர்மானிக்கிற அடித்தளத்தை அவர் "அறிவு அமைவு" என்ற பொருளில் ஒரு கருத்தாக்கி வளர்த்தார். இதை ஒரு உதாரணத்தோடு நீங்களே விளக்கிப் பாருங்கள், விளக்க முடியவில்லை என்றால் பெயரை மட்டும் எழுதி ஒப்பேற்ற வேண்டாம், விட்டுவிடுங்கள். பிற்காலத்தில் இருபதாம் நூற்றாண்டு மெய்யியலாளர்களான ஹைடெக்கர், லெவினாஸ் பக்கம் வந்து, அடையாளமும் வேறுபாடும், சுவடும் இருப்பும் என்ற கேள்விகளுக்குப் போனார். அதோடு இருபதாம் நூற்றாண்டு மெய்யியல் நூல்களுக்கான ஐந்து தொகுதி வழிகாட்டி ஒன்றின் பதிப்பாசிரியராக இருந்தார், நான் இங்கே ஒரு பெண்மணியைப் பற்றி மட்டும் வழிகாட்டி எழுதித் திணறுகிறேன், அவர் ஒரு நூற்றாண்டுக்கே எழுத வைத்தார்.

"சுவடு" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு அருமையான வாக்கியம் தோன்றியது: சுவடு விடாமல் நடக்கக் கற்ற தொடர்பாளர், முதுமையில் சுவடுகளைப் பற்றிச் சிந்தித்தார். எழுதி வைத்து இரண்டு நாள் அதை ரசித்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன். அவர் சுவடு பற்றி எழுதும்போது லெவினாஸோடு வாதாடிக்கொண்டிருக்கிறார், வில்னோ தெருவை நினைவுகூரவில்லை. முகாம் அனுபவத்துக்கும் மெய்யியலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2007இல் வந்த கட்டுரைத் தொகுப்புக்கு "மனிதன் அழகான விலங்கல்ல" என்று தலைப்பு வைத்தவர், அதைப் படிக்கும்போது முகாமை நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் நினைப்பது நாம். "இந்தத் தலைப்பை அவருடைய முகாம் வருடங்களோடு சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது" என்று உங்கள் குரலில் எழுதுங்கள், அவர் வாயில் வைக்காதீர்கள்.

விருது விவரம் சுருக்கமாகப் போதும்: 1995இல் போலந்தின் மிக உயர்ந்த விருதான வெள்ளைக் கழுகு. இறப்பு 2009 செப்டம்பர் 18, ஓல்ஷ்டின் நகரத்தில், 90 வயதுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது.

எழுதி முடித்ததும் மூன்று விஷயத்தைச் சரிபார்த்துவிட்டு வெளியிடுங்கள். கைது செய்தது யார் என்பது முதல் பத்தியிலேயே இருக்கிறதா. வில்னோ, வில்னியஸ் இரண்டும் வெவ்வேறு ஊர் போல எங்காவது வருகிறதா. அப்புறம் கிராஷ்னியெவ்ஸ்கா என்ற புனைபெயர் கட்டுரைக்குள் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா, ஏனென்றால் நூலின் பாரிஸ் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது தேடினால் அந்தப் பெயரைத்தான் தட்டுவார்கள்.